மழை இடித்த வீடு, மறுத்த காப்பீடு: விசுவாசி என்ன செய்யலாம்?



ஜூன் மாதம் பிறந்துவிட்டால், சென்னை, திருப்பூர், கோயம்புத்தூர், பெங்களூர் சபைகளில் ஆராதிக்கிற மலைநாட்டுக் குடும்பங்களின் ஜெபக் குறிப்பில் ஒரு விண்ணப்பம் தவறாமல் வந்துவிடும்: ஊரில் வீடு பத்திரமாயிருக்கவேண்டும். பள்ளிவாசல், சித்திரபுரம், ஆனச்சால், மூணாறு என்று ஊரின் பெயர் மாறும், விண்ணப்பம் ஒன்றுதான். பெற்றோர் அங்கே, பிள்ளைகள் இங்கே, நடுவில் மழை.

பள்ளிவாசல் பெயர் பெற்றதே அந்த மழையினால்தான். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940இல் அங்கே இயங்கத் தொடங்கியது. அதே மழை 1924 ஜூலையில் மூணாற்றின் மலை ரயில் பாதையை இருந்த இடம் தெரியாமல் அழித்துப்போட்டது. கொல்லம் ஆண்டு 1099இல் நடந்தபடியால் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2018 ஆகஸ்டில் பள்ளிவாசலில் மலை சரிந்து சாலை அடைபட்டபோது, வெளிநாட்டார் உள்ளிட்ட சுற்றுலாப் பயணிகள் ஒரு விடுதியில் சிக்கிக்கொண்டார்கள். 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவில் பெட்டிமுடியின் தேயிலைத் தோட்ட லயங்களின்மேல் மண் இறங்கி 70 பேரைக் கொண்டுபோயிற்று. அவர்களில் நால்வரின் சரீரங்கள் கிடைக்கவேயில்லை. 2025 அக்டோபரில் அடிமாலியின் கூம்பன்பாறையில், நெடுஞ்சாலைக்காக மலையை வெட்டியிருந்த இடத்தில் மண் சரிந்து வீடுகள் நொறுங்கின, ஒருவர் உயிரிழந்தார்.

உயிர் தப்பி வீட்டை மாத்திரம் இழந்தவர்களை ஊரார் “கர்த்தர் காத்தார்” என்று தேற்றுவார்கள். அது மெய்தான். ஆனால் சில வாரங்களுக்குப் பின் ஒரு கடிதம் வரும். “தங்கள் கோரிக்கை பாலிசி நிபந்தனைகளின்படி ஏற்கத்தக்கதாக இல்லை” என்பதே அதன் சாரம். வருடந்தோறும் பிரீமியம் கட்டியவர்கள் அந்தக் கடிதத்தை வேதப் புத்தகத்துக்குள் மடித்து வைத்துவிட்டு, “வழக்கென்று போனால் சாட்சி கெடும்” என்று மௌனமாகிவிடுகிறார்கள். இந்த மௌனத்தைக் குறித்துத்தான் எழுத விரும்புகிறேன்.

வழக்காடுவது பாவமா?

1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தைக் காட்டிப் பலர் தயங்குகிறார்கள். அங்கே பவுல் கடிந்துகொள்ளுகிறது, சகோதரனுக்கு விரோதமாய்ச் சகோதரன் அவிசுவாசிகளிடத்தில் நியாயம் தேடிப்போவதை. காப்பீட்டுக் கம்பெனி உங்கள் சபைச் சகோதரன் அல்ல. பணம் வாங்கிக்கொண்டு எழுத்தில் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிற நிறுவனம். அந்தப் பவுல்தானே தன் ரோம குடியுரிமையை எடுத்துச் சொல்லி அடிபடாமல் தப்பினார்? இராயனுக்கு அபயமிட்டவரும் அவரே (அப்போஸ்தலர் 25).

நகரத்துக்கு வந்து குடியேறின நமக்கு இன்னும் பொருத்தமான ஒருத்தி வேதத்தில் இருக்கிறாள். 2 இராஜாக்கள் 8ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். சூனேம் ஊர் ஸ்திரீ பஞ்சத்தினிமித்தம் ஏழு வருஷம் பெலிஸ்தர் தேசத்தில் போய்த் தங்கினாள். திரும்பி வந்து பார்த்தால் வீடும் வயலும் அவள் கையில் இல்லை. அவள் முழங்காலில் நின்றதோடு நிறுத்தவில்லை. ராஜாவினிடத்தில் போய் முறையிட்டாள். ராஜா அவளுக்காக ஒரு பிரதானியை நியமித்து, அவளுக்குரியவை எல்லாவற்றையும், அவள் தேசத்தை விட்டுப்போன நாள்முதல் அந்த வயலில் கிடைத்த வருமானத்தையும் திரும்பக் கொடுக்கும்படி கட்டளையிட்டான். அசலோடு பலனும் சேர்ந்து வந்தது. நம்முடைய நுகர்வோர் ஆணையங்களும் இழப்பீட்டோடு வட்டியும் வழக்குச் செலவும் சேர்த்துக் கொடுக்கும்படி உத்தரவிடலாம்.

முதலில் கையில் இருப்பது என்ன?

பலருக்குத் தங்களிடம் பாலிசி இருப்பதே தெரியாது. வங்கியில் வீட்டுக் கடன் வாங்கினபோது கையெழுத்திட்ட காகிதக் கட்டில் காப்பீடும் ஒன்றாயிருந்திருக்கும். அசல் வங்கியிலேயே தங்கியிருக்கும். கடன் கணக்கு எண்ணைக் காட்டிப் பாலிசியின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். முதல் பக்கத்தை மட்டும் கொடுத்து அனுப்பினால் போதாது. நிபந்தனைகள் அடங்கிய முழுத் தொகுப்பையும் கேட்டு வாங்க வேண்டும். மறுப்புகளெல்லாம் அதன் உள்பக்கங்களிலிருந்துதான் எழும்புகின்றன.

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் வீடுகளுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான பாலிசியை வழங்கவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. புயல், சூறாவளி, வெள்ளம் இவற்றோடு நிலச்சரிவும் பாறைச்சரிவும் வீடு நிற்கும் நிலம் உள்வாங்குதலும் அதிலே அடங்கும். மலைச்சரிவில் வாழுகிறவர்கள் அடிக்கோடிட வேண்டிய ஒன்று உண்டு: வீடு என்பதற்குள் சுற்றுச்சுவரும், மண்ணைத் தாங்கி நிற்கிற தடுப்புச் சுவரும், தண்ணீர்த் தொட்டியும் சேரும். பள்ளிவாசல் பக்கத்தில் முதலில் விழுவது பெரும்பாலும் அந்தத் தடுப்புச் சுவர்தான். அதைக் கட்டின செலவு சில சமயம் வீட்டின் செலவுக்கே சமமாயிருக்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல் கோரிக்கை எழுதிவிட்டுப் பிற்பாடு வருந்தவேண்டாம். இடிபாடுகளை அகற்றுவதற்குக் கோரிக்கைத் தொகையில் 2 சதவீதம் வரையிலும், பொறியாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையிலும் கேட்கலாம்.

குறைவான தொகைக்குக் காப்பீடு செய்தவர்கள் ஒரு வித்தியாசத்தை அறியவேண்டும். பத்து லட்சம் பெறுமானமுள்ள வீட்டை ஐந்து லட்சத்துக்கு எழுதி, இரண்டு லட்சத்துக்குச் சேதம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பழைய தீ விபத்துப் பாலிசியானால் ‘பாதிதானே எழுதினீர்கள்’ என்று பாதியைக் கழித்து, ஒரு லட்சமே கொடுப்பார்கள். புதிய பாலிசியில் அந்தக் கழிவு இல்லை. எழுதின தொகைக்கு உட்பட்டு இரண்டு லட்சமும் கிடைக்கவேண்டும். புதிய பாலிசிக்குப் பழைய கணக்கைப் போட்டு உங்களுக்கு எழுதியிருந்தால், அதுவே எதிர்த்துக் கேட்கப் போதுமான காரணம்.

பழைய பாலிசியில் வேறொரு கண்ணியும் உண்டு. கம்பெனியின் சம்மதம் இல்லாமல் வீடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் அந்தப் பாதுகாப்பே நின்றுபோகும். நீண்டகாலப் பாலிசி எடுத்தவர்கள் சிலரிடம் அது இன்னும் நடப்பில் இருக்கலாம். அம்மாவை நகரத்துக்கு அழைத்துவந்து மூன்று மாதம் வைத்துக்கொள்ளுகிறவர்கள், புறப்படுமுன் தங்கள் பாலிசி பூட்டின வீட்டைக்குறித்து என்ன சொல்லுகிறதென்று பார்த்து, தேவையானால் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிப்போடுவது நல்லது. லயங்களில் வாழுகிறவர்களுக்குக் கட்டடம் சொந்தமில்லை. தட்டுமுட்டுச் சாமான்களுக்கு மாத்திரம் பாலிசி எடுக்க வழியுண்டு.

சண்டை எதில் வருகிறது?

இத்தகைய மறுப்புகளை வாசித்தால், பெரும்பாலும் தகராறு தொகையைப் பற்றியதல்ல, காரணத்தைப் பற்றியது என்பது விளங்கும். சுவர் வெடித்திருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எதனால் வெடித்தது? நிலச்சரிவுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிற அதே பிரிவு சிலவற்றை விலக்குகிறது: புதுக் கட்டடம் இயல்பாய் அமர்வதால் வரும் கீறல், மண் கொட்டி மேடாக்கின நிலம் இறங்குதல், ஆற்றரிப்பு, குறைபாடான வடிவமைப்பு அல்லது கட்டுமானம், தோண்டும் வேலை. மலையில் எந்த வீடுதான் வெட்டின மண்ணிலும் கொட்டின மண்ணிலும் நில்லாமல் இருக்கிறது? ஆகையால் ‘மழையினால் அல்ல, கட்டினவனின் குறை’ என்று எழுதிவிடுவது எளிது. கூம்பன்பாறையைப் போல் சாலைக்காக மலையைத் தோண்டின இடத்துக்கு மேலிருக்கும் வீடுகளுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாய் எழும்பும்.

ஆனால் விலக்குப் பிரிவைக் காட்டி மறுக்கிறவர்தான் அது பொருந்துகிறதென்று நிரூபிக்கவேண்டும். உச்ச நீதிமன்றம் 2023இல் ஒரு விடுதியின் காப்பீட்டு வழக்கில் இதை மறுபடியும் சொல்லிற்று. வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கப்படாத விலக்குப் பிரிவைக் கம்பெனி பிடித்துக்கொள்ளக் கூடாது என்று 2022இல் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது.

நம் பக்கத்துச் சாட்சியங்களை அந்த வாரத்திலேயே சேர்க்கவேண்டும். மண்ணை வாரி வீட்டைச் சுத்தம் செய்வதற்கு முன் தேதியோடு படங்கள் எடுக்கவேண்டும். விரிசலை மட்டுமல்ல, மேலே மலை எங்கிருந்து பிளந்தது என்பதையும் எடுக்கவேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளும் அதே இரவில் சேதமானதற்குப் படங்கள் இருந்தால் ‘உங்கள் கட்டுமானக் குறை’ என்ற வாதம் தளர்ந்துவிடும். வில்லேஜ் ஆபீசர் வந்து பார்த்து எழுதின அறிக்கையின் நகல், பஞ்சாயத்தின் சான்று, அந்த நாளின் பத்திரிகைச் செய்தி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். அரசு நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. ஆனால் நிவாரணத்துக்காக எழுதப்பட்ட அறிக்கை காப்பீட்டு வழக்கிலும் பேசும். தேயிலைத் தோட்டங்களில் மழைமானி வைத்து நாள்தோறும் குறித்து வைக்கிற பழக்கம் உண்டு. அந்தப் பேரேட்டின் ஒரு பக்கம் எத்தனை வார்த்தைகளுக்குச் சமம்! எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமம் பெற்ற ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் காரணத்தை எழுதி வாங்குங்கள்.

கம்பெனி அனுப்புகிற சர்வேயர் வரும்போது வீட்டிலிருப்பது பெரும்பாலும் வயதான பெற்றோர். அவர் நீட்டுகிற வெற்றுப் படிவத்திலோ, அவர்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதின காகிதத்திலோ கையெழுத்திடவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு சுற்றறிக்கையின்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமித்து, 15 நாட்களில் அறிக்கை பெற்று, அதன்பின் 7 நாட்களில் முடிவு சொல்லவேண்டும். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்த அறிக்கை முக்கியமானது என்றாலும் அதுவே முடிவான சொல் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்திருக்கிறது.

சாலை துண்டிக்கப்பட்டு, செய்தியே தாமதமாய் வந்தவர்கள் மனந்தளர வேண்டாம். நியாயமான காரணம் இருக்கையில் தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று ஆணையம் 2011இலேயே கம்பெனிகளுக்கு எழுதியது. 2017இல் உச்ச நீதிமன்றமும் அப்படியே சொல்லிற்று. ஏன் தாமதம் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது?

தொலைபேசியில் சொல்லப்படுகிற மறுப்பு மறுப்பே அல்ல என்று எண்ணிக்கொள்ளுங்கள். எழுத்தில் கேளுங்கள். காரணங்கள் எழுத்தில் வந்துவிட்டால், பிற்பாடு வழக்கில் அந்தக் கடிதத்தில் இல்லாத புதுக் காரணத்தைக் கம்பெனி கொண்டுவர முடியாது. 2019இல் வந்த தீர்ப்பு இது. கடிதம் கிடைத்தவுடன் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் எழுதி, ஒரு மாதம் பொறுத்திருங்கள்.

பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியில்லாவிட்டால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்று சொன்னால் பலருக்கும் தெரியும். கட்டணம் இல்லை, வக்கீலும் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார். அவர் கொடுக்கும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டும், உங்களைக் கட்டாது. இங்கேதான் நகரவாசிகளுக்கு ஒரு நன்மை இருக்கிறது: புகார் செய்கிறவர் குடியிருக்கும் இடத்தை வைத்தும் எல்லை தீர்மானிக்கப்படுகிறது. பாலிசி உங்கள் பெயரில் இருந்து, நீங்கள் சென்னையில் வாழ்ந்தால், சேதமான வீடு பள்ளிவாசலில் இருந்தாலும் சென்னை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். பாலிசி ஊரிலிருக்கும் தாயார் பெயரில் இருந்தால் கொச்சி அலுவலகம். மறுப்புக் கிடைத்த ஒரு வருடத்துக்குள் போகவேண்டும். அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ ஏற்கெனவே இருந்தால் இவர் அதைத் தொடமாட்டார். ஆகையால் இந்தக் கதவை முதலில் தட்டுவதே என் ஆலோசனை.

மாவட்ட நுகர்வோர் ஆணையம் அடுத்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், புகார் செய்கிறவர் தாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்கிட இடம் கொடுத்தது. இடுக்கிக்குப் பஸ் ஏறி இறங்கவேண்டியதில்லை. எல்லை இப்போது கட்டின பிரீமியத்தைப் பொறுத்தது. அது 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் வழக்குக் கட்டணமே கிடையாது. வீட்டுப் பாலிசிக்கு அவ்வளவு பிரீமியம் யார் கட்டுகிறார்கள்? மறுப்பு வந்த நாளிலிருந்து இரண்டு வருட அவகாசம். நீங்களே வாதாடலாம். மூன்று மாதத்தில் தீர்ப்பு என்று சட்டம் சொல்லுகிறது. நடப்பில் ஒன்றிரண்டு கிறிஸ்துமஸ் கடந்துபோனாலும் ஆச்சரியமில்லை. நிரந்தர மக்கள் நீதிமன்றமும் ஒரு வழி. காப்பீடு அதன் வரம்புக்குள் வருகிறது, கட்டணமில்லை. சமரசம் கூடாவிட்டால் அதுவே தீர்ப்பளிக்கும்.

வக்கீல் இல்லாமல் முடியாது என்று அஞ்சுகிறவர்கள் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தை அறிந்திருக்கவேண்டும். வெள்ளம் போன்ற பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களுக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீலை அது வாக்களிக்கிறது. பாலிசி தாயார் பெயரில் இருந்தால், மகன் நகரத்தில் நன்றாகச் சம்பாதித்தாலும் தாயாருக்கு அந்த உரிமை உண்டு. பள்ளிவாசல்காரர்களுக்கு அருகிலிருப்பது தேவிகுளம் தாலுகா சட்டப் பணிகள் குழு. எந்த ஊரிலிருந்தும் 15100 என்ற எண்ணை அழைத்து வழி கேட்கலாம். நுகர்வோர் உதவிக்கு 1915, காப்பீட்டு ஆணையத்துக்கு 155255. ‘இத்தனை சதவீதம் கொடுங்கள், நான் வாங்கித் தருகிறேன்’ என்று வருகிற இடைத்தரகர்களிடம் அசல் ஆவணங்களைக் கொடுக்கவேண்டாம்.

அளவுகோல் சரியாயிருக்கட்டும்

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை குறைவுள்ளதாயிருக்கும். ‘கம்பெனி எப்படியும் பாதியைக் கழிக்கும், இரண்டு மடங்காய் எழுது’ என்று யோசனை சொல்லுகிறவர்கள் சபைக்குள்ளும் இருக்கிறார்கள். பழைய தொலைக்காட்சியையும், போன வருடமே வெடித்திருந்த சமையலறைச் சுவரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுவார்கள். கள்ளத்தராசைக் கர்த்தர் வெறுக்கிறார் என்பதை நாம் அறிவோம். சட்டமும் அதைச் சகிப்பதில்லை: ஒரு பகுதியில் பொய் கண்டுபிடிக்கப்பட்டால், மெய்யான பகுதியும் சேர்ந்து போய்விடுமென்று பாலிசி சொல்லுகிறது. முன்பே இருந்த விரிசலை ‘இது முன்பே இருந்தது, இன்ன நீளம், மழைக்குப் பின் இப்படியாயிற்று’ என்று நீங்களே எழுதிக்கொடுங்கள். உங்கள் மற்ற வரிகளை நம்பும்படி செய்வது அந்த வரிதான்.

கடைசியாக, பாதிப் பணத்துக்குச் சம்மதித்து வருகிற காசோலையைப் பற்றி. அதோடு ஒரு ரசீதுப் படிவமும் வரும். ‘முழுத் திருப்தியுடன் இறுதியாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சிட்டிருக்கும். கூரையில்லாத வீட்டில் மழை பெய்துகொண்டிருக்கும்போது அதில் கையெழுத்திடாமல் இருக்க எத்தனை பேரால் முடியும்? வற்புறுத்தலின் பேரிலோ ஏமாற்றியோ வாங்கப்பட்டதென்று காட்டினால் அந்தக் கையெழுத்து மீதிக்கு வழக்கிடத் தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் சொல்லியிருக்கிறது. அந்த ரசீதைக் காட்டி வாடிக்கையாளரின் உரிமையை முடக்கக் கூடாதென்று ஆணையமும் 2015இல் கம்பெனிகளுக்கு எழுதிற்று. ஆனாலும் காட்டவேண்டிய பாரம் உங்கள்மேல் விழும். ஆகவே பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு மேலே, ‘மீதித் தொகைக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று உங்கள் கையாலேயே எழுதி, அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அதே நாளில் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள்.